மறுமொழி: மீன் டாக்கோ சத்துக் கட்டுரை – நிக்ஸ்டமலைசேஷனுக்கு 'சுண்ணப்புழுக்கல்'

எல்லாருக்கும் வணக்கம், நம்ம மீன் டாக்கோ (டார்ட்டியாங்கிற மெல்லிய ரொட்டில மீனை வெச்சு மடிச்ச மெக்சிகோ பண்டம்) கட்டுரைல வர்ற 'நிக்ஸ்டமலைசேஷன்'ங்கிற சொல்லுக்கு, அதாவது மக்காச்சோளத்தை சுண்ணாம்புத் தண்ணில வேகவெக்கிற முறைக்கு, என்ன தமிழ்ப் பேர் வெக்கலாம்ங்கிறதுக்குத் தான் இந்த மறுமொழி. ஒருத்தர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'காரச்சமையல்'னு வெச்சுக்கலாமே, ஸ்கூல் புக்லயே ஆல்கலிக்கு காரம்னு தானே இருக்கு

ஐயா, கெமிஸ்ட்ரி பாடத்துல அது சரி. ஆனா இது சாப்பாட்டுக் கட்டுரை, சல்சாங்கிற மெக்சிகோ சட்னியும் மிளகாயும் ஏற்கனவே வருது, 'காரச்சமையல் செஞ்ச மக்காச்சோளம்'னு படிச்சா யாரா இருந்தாலும் மிளகாத்தூள் போட்டு வேகவெச்சதுன்னு தான் எடுத்துப்பாங்க. 'நிக்ஸ்டமலாக்கம்'னு அப்படியே எழுதுறதும் எனக்கு ஒப்பலை. அந்தச் சொல் மெக்சிகோ பழங்குடி மொழியான நாவாட்ல்ல இருந்து வந்தது, அந்த மொழிக்காரங்களுக்கு அதுல சாம்பலும் மாவும் கேக்குது, நமக்கு வெறும் சத்தம் தான்.

முதல்ல அங்க என்ன நடக்குதுன்னு பாத்துடுவோம். காஞ்ச மக்காச்சோளத்தை, அதோட எடைக்கு நூத்துல ஒரு பங்கு மாதிரி நீத்த சுண்ணாம்பு கலந்த தண்ணில வேகவெச்சு, ராத்திரி முழுக்க அப்படியே ஊற விடுறாங்க. காலைல கைய விட்டு கசக்குனா மணி மேல இருக்கிற தோல் வழவழன்னு கழண்டு வரும், தண்ணி மஞ்சளா கொழகொழன்னு இருக்கும். நல்லா அலசிட்டு ஈரத்தோட அரைச்சா அது தான் மாசா, தட்டுனா பிரியாம டார்ட்டியாவா வரும். சுண்ணாம்பு படாத மக்காச்சோள மாவுல இந்த ஒட்டு வராது.

இப்ப சத்து. மக்காச்சோளத்துல இருக்கிற நியாசின் (பி3 வைட்டமின்) பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கு, நம்ம குடல் அதை எடுத்துக்க முடியாது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்து விடுது, கூடவே கால்சியமும் ஏறுது, பூஞ்சை நச்சும் குறையுது. மெக்சிகோ பக்கத்து ஜனங்களுக்கு இது காலங்காலமா கைப்பழக்கம். தானியம் மட்டும் கப்பலேறி ஐரோப்பா போச்சு, சுண்ணாம்பு கூடப் போகலை. 1735ல ஸ்பெயினோட அஸ்தூரியாஸ்ல காஸ்பர் காசால்ங்கிற மருத்துவர் ஒரு தோல் நோயை விவரிச்சு எழுதுனார், அது தான் நியாசின் குறைஞ்சா வர்ற பெல்லாக்ரா. அமெரிக்காவோட தென்மாநிலங்கள்ல அது கொத்துக் கொத்தா ஆளைக் கொன்னப்ப 1914ல கோல்ட்பெர்கர்ங்கிற அமெரிக்க அரசு மருத்துவர் இறங்கி, இது தொத்து நோய் இல்ல, சாப்பாட்டுக் குறைன்னு காட்டுனார். நியாசின் தான் மருந்துன்னு தெரிய 1937 ஆச்சு. இவ்வளவு சாவையும் தடுத்திருக்கக்கூடிய ஒரு சமையல் முறைக்கு தமிழ்ல பேர் இல்லாம இருக்கக்கூடாது, அதனால தான் இவ்வளவு வாதாடுறேன்.

என் பரிந்துரை சுண்ணப்புழுக்கல், நம்ம புழுங்கலரிசியை வெச்சு யோசிச்ச பேர். நெல்லை ஊறவெச்சு அவிக்கிறப்ப தவிட்டுல இருக்கிற தயாமின் (பி1 வைட்டமின்) உள்ள அரிசிக்குள்ள இறங்குது, அதனால தான் புழுங்கலரிசி சாப்பிட்ட ஜனங்களுக்கு தயாமின் குறைஞ்சா வர்ற பெரிபெரி நோய் அவ்வளவா வரலை. ரெண்டு இடத்துலயும் தானியத்தை அரைக்கிறதுக்கு முன்னாடியோ குத்துறதுக்கு முன்னாடியோ செஞ்ச பக்குவம் தான் ஒரு குறைநோயைத் தடுத்துச்சு, அந்த உறவு பேர்லயே தெரியணும். 'புழுங்கல்னா ஆவி, இது தண்ணில வேகுது'ன்னு அக்கா கேட்டிருந்தாங்க. சங்கப் பாட்டுல புழுக்குன்னா வேகவெச்ச உணவு தான், ஆவின்னு கட்டுப்பாடு இல்ல. செய்முறைக்கு புழுக்கல், அப்படி வெந்து வந்த பண்டத்துக்கு புழுங்கல், ஆக 'சுண்ணப்புழுங்கல் மக்காச்சோளம்'. வெறும் சோளம்னு மட்டும் எழுதிடாதீங்க. தமிழ்நாட்டுல அது வேற தானியம், அதை நம்பி இருந்த தக்காணத்து ஏழைகளுக்கும் பெல்லாக்ரா வந்திருக்கு, ஹைதராபாத்ல ஊட்டச்சத்து ஆய்வாளர் கோபாலனோட குழு அதை ஆராய்ஞ்சிருக்கு, ரெண்டும் குழம்பிடும்.

சுண்ணாம்புன்னா வெள்ளையடிக்கிறது ஞாபகம் வரும்னு ஒரு கவலை. வெத்தலைல தடவுறதும் அதே நீத்த சுண்ணாம்பு தானே, யாரும் முகம் சுளிக்கிறதில்லையே. ஒண்ணு மட்டும் ரொம்ப கவனம்: இங்கிலீஷ்ல 'லைம்'னா ரெண்டு பொருள், டாக்கோ மேல பிழியுறதும் லைம் தான். வரைவுல ஒரு இடத்துல 'எலுமிச்சை நீரில் ஊறவைத்த'ன்னு இருக்கு, அதை மாத்தியே ஆகணும், புளிப்பும் காரத்தன்மையும் நேரெதிர்.

கட்டுரையோட உள்ளடக்கத்துல எனக்கு ரெண்டு சேர்க்கை. மக்காச்சோளப் புரதத்துல லைசின், டிரிப்டோஃபன்ங்கிற ரெண்டு அமினோ அமிலமும் கம்மி, மீன்ல தாராளம், 100 கிராம் வெள்ளை மீன்ல புரதமே 18, 20 கிராம் இருக்கும், நியாசினும் மீன்லயே நல்லா இருக்கு. அதனால மீன் டாக்கோ சாப்பிடுறவருக்கு நியாசின் டார்ட்டியாவுல இருந்து தான் வரணும்னு இல்ல, டார்ட்டியாவோட நியாசினைப் பத்தின வரியை அடக்கமா எழுதுங்க. டார்ட்டியா மட்டுமே வயித்தை நிரப்புன வீடுகளுக்குத் தான் சுண்ணாம்பு உயிர் காத்துச்சு. அடுத்தது, மெக்சிகோவோட கடற்கரை ஊரான என்செனாடா பாணி டாக்கோவுல மீனை பீர் கலந்த மாவுல முக்கி எண்ணெய்ல பொரிச்சு, முட்டைக்கோஸ் சீவல் போட்டு, மேல கிரீமும் ஊத்துறாங்க. கலோரி ஏறுறது அந்த மேல்மாவுலயும் கிரீம்லயும், மீன்ல இல்ல. தவால சுட்ட மீனுக்கும் இதுக்கும் ஒரே அட்டவணை போடாதீங்க. கோதுமை டார்ட்டியாவுக்கு சுண்ணப்புழுக்கலே கிடையாதுன்னும் ஒரு வரி வேணும்.

கடைசியா ஒரு சொல் பாக்கி. மக்காச்சோளம் வெந்து ஊறுன அந்த மஞ்சத் தண்ணிக்கு 'கழுநீர்' வேணாம்னு நினைக்கிறேன். கழுநீர்னா நம்ம ஊர்ல மாட்டுக்கு வெக்கிறது, இது சுண்ணாம்பு ஏறுன தண்ணி. 'சுண்ண வடிநீர்' எப்படி இருக்கு? வேற சொல் தோணுனா போடுங்க, இல்லாட்டி இதையே நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடலாம்.