மகளின் கட்டுரையும் இரண்டு தடவை எழுதிய லெக் பையும்

நியூஜெர்சியிலிருந்து ஓர் அப்பா:

போன வருடம் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஆகஸ்ட் 1ஆம் தேதி, பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளமான காமன் ஆப் திறந்ததுமே வீட்டில் பரபரப்பு. ஏழு தலைப்புகளில் ஒன்றைப் பிடித்து 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். மதிப்பெண்ணெல்லாம் ஆன கதை, இது ஒன்றுதான் இன்னும் நம் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த 'நம்'மில்தான் கோளாறு.

முதலில் அரங்கேற்றத்தைப் பற்றி எழுதினாள். ஒன்பது வருடம் பரதம் ஆடியவள் வேறெதை எழுதுவாள்? சலங்கை, வியர்வை, கடைசியில் 'நடனம் எனக்கு ஒழுக்கத்தைத் தந்தது'. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக் கவுன்சிலர் கலங்கவில்லை. வருடத்துக்கு நான்கைந்து அரங்கேற்றக் கட்டுரை படிக்கிறாராம், பெயரை மறைத்தால் எது யாருடையது என்று அவருக்கே தெரியாதாம்.

அப்புறம் பணம் கட்டி ஓர் ஆலோசகரிடம் கொடுத்தோம். நாற்பது வயதுக்காரர் எழுதியது மாதிரி திரும்பி வந்தது. மகள் படித்துவிட்டு, "யாருப்பா இது?" என்றாள்.

வழி கிடைத்தது காரில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆடும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு அவள்தான் ஸ்கோர் எழுதுவாள். பன்னிரண்டு வயதில் பொழுது போகாமல் ஆரம்பித்தது. வைடு கொடுத்ததற்கு அங்கிள்கள் அவளிடம் சண்டைக்கு வருவதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே வந்தவள், திடீரென்று சொன்னாள்: "எட்டாவது படிக்கும்போது ஒரு லெக் பையை ரெண்டு தடவை எழுதிட்டேன்பா. நீங்க ஒரு ரன்ல ஜெயிச்சீங்களே, அது டை." லெக் பை என்றால் பந்து மட்டையில் படாமல் உடம்பில் பட்டு ஓடி எடுக்கும் ரன். வீட்டில் கூட்டிப் பார்த்தபோது தெரிந்ததாம். அடுத்த ஞாயிறு எதிரணி கேப்டனிடம் நோட்டைக் காட்டி ஒப்புக்கொண்டிருக்கிறாள். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. கோப்பையை ஷெல்ஃபில் வைத்துத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தேனே, எப்படிச் சொல்வாள்!

வண்டியை ஓரம் கட்டி, போனில் ரெக்கார்டரைப் போட்டு, மறுபடி சொல்லச் சொன்னேன். நான் செய்த ஒரே உருப்படியான உதவி அதுதான். அவள் பேசியதுதான் கட்டுரை. அமெரிக்கர்களுக்கு லெக் பையை விளக்கவே முதலில் 200 சொல் போனது. அதை இரண்டு வரியாக்கினாள். நேர்மையைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கலாமே என்றேன். "அதை அவங்களே புரிஞ்சுக்குவாங்கப்பா" என்று அடித்துவிட்டாள்.

சான் ஹோசேயிலிருந்து ஓர் அம்மா:

அண்ணா, எங்கள் வீட்டில் நேர்மாறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எட்டுக் கேள்விகளில் நான்குக்குப் பதில் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொல்தான். என் பையன் மழை, ஜன்னல் என்று கதை மாதிரி ஆரம்பித்து, விஷயத்துக்கு வருவதற்குள் பாதி இடம் காலி. அங்கே கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால் போதும் என்று புரியவே இரண்டு வாரம் ஆனது.

இன்னொன்று. நான் நர்ஸ், இரவு ஷிஃப்ட். மூன்று வருடமாகத் தம்பிக்கு டிபன் கட்டி பஸ் ஏற்றிவிடுவது அவன்தான். அதை எங்குமே எழுதவில்லை. கேட்டால், "அது வீட்டு வேலைதானேம்மா" என்றான். காமன் ஆப்பின் செயல்பாட்டுப் பட்டியலில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது; அதைக் காட்டிய பிறகுதான் எழுதினான். ஊறுகாய் தனி டப்பாவில் இருந்தால்தான் தம்பி தயிர்சாதம் தொடுவான் என்று அவன் எழுதியதைப் படித்துத்தான் எனக்கே தெரிந்தது.

டல்லாஸிலிருந்து ஒருவர்:

எங்கள் கதை சின்னது. 'ஏன் எங்கள் கல்லூரி' கட்டுரையை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டிய மூத்தவன், நடுவில் பழைய கல்லூரியின் பெயரை அப்படியே விட்டுவிட்டான். அனுப்பிய பிறகுதான் பார்த்தோம். இடம் கிடைக்கவில்லை, கேட்கவும் வாயில்லை. இளையவன் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கப் பார்த்தான். அதைத் தன் எழுத்து என்று அனுப்பினால் காமன் ஆப் மோசடியாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்று நிறுத்தினேன். நியூஜெர்சி சார், உங்கள் மகளுக்குக் கடைசியில் கிடைத்ததா?

நியூஜெர்சி அப்பா:

பதினொன்றுக்குப் போட்டாள், ஐந்தில் கிடைத்தது. ரொம்ப ஆசைப்பட்டது காத்திருப்போர் பட்டியலோடு நின்றுவிட்டது. கட்டுரையாலா, மதிப்பெண்ணாலா என்று யாரும் சொல்லமாட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை. எதிரணி கேப்டன் மட்டும் கட்டுரையை எப்படியோ வாங்கிப் படித்துவிட்டு, கோப்பையில் பாதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.