ஜேம்ல நின்னா மட்டும் சிவப்பு விளக்கு: ரேடியேட்டரை மாத்தணுமா?

பத்துமலைப் பையன்:
நம்ம கார் 2013 மைவி 1.3, ஆட்டோ கியர். சாயங்காலம் ஜாலான் ஈப்போ ஜேம்ல மாட்டினா வெப்ப விளக்கு சிவப்பா மின்னுது. ஏர்கான்ல வெறும் காத்துதான் வருது. ரவாங் பக்கம் நெடுஞ்சாலையில 110ல போனா ஒரு பிரச்சினையும் இல்ல. ரிசர்வ் டாங்கில தண்ணி குறையல. பட்டறையில ரேடியேட்டரை மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா அண்ணே?

ஸ்பேனர்:
காசை வச்சுக்குங்க தம்பி. ரேடியேட்டர் உள்ளுக்குள்ள அடைச்சிருந்தா 110லயே சூடு ஏறியிருக்கும். ஓடும்போது எதிர்க்காத்து போதும், நின்னா விசிறிதான் கதி. ஏர்கான் சூட்டை வெளியே விடுற கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னாலதான் இருக்கு, அதுக்கும் அதே விசிறிக் காத்துதான், அதனாலதான் ஏர்கானும் சேர்ந்து படுத்துடுது. எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானை முழுசா வச்சு பானட்டைத் திறந்து பாருங்க. கொஞ்ச நேரத்துல விசிறி சுத்தணும். சுத்தலன்னா ஃபியூஸைப் பாருங்க, அப்புறம் விசிறிக்கு கரண்டை விடுற சுவிட்ச் மாதிரியான ரிலே. பெட்டியில அதே நம்பர் போட்ட வேற ரிலே இருந்தா இடம் மாத்திப் பாருங்க. கையை விசிறிகிட்ட கொண்டு போகாதீங்க, எப்ப வேணும்னாலும் சுத்த ஆரம்பிச்சிடும்.

செந்தூல் டிரைவர்:
எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்குப் போகவிடாம தடுக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடுங்க பாஸ், நம்ம ஊர் சூட்டுக்கு அது எதுக்கு?

ஸ்பேனர்:
அந்த வேலையே வேணாம். எஞ்சின் சூடாகவே நேரம் எடுக்கும், எஞ்சின் இன்னும் சூடாகலன்னு காட்டுற நீல விளக்கு சீக்கிரம் அணையாது, பெட்ரோலும் கூடக் குடிக்கும். விசிறி கோளாறு அப்படியேதான் இருக்கும்.

பத்துமலைப் பையன்:
ஃபியூஸ் நல்லா இருக்கு, ரிலே மாத்தியும் சுத்தல. விசிறி மோட்டரோட வயர் பிளக்கைக் கழட்டி பேட்டரியில நேரா கொடுத்தா சில சமயம் சுத்துது, சில சமயம் இல்ல. மோட்டர் முதுகுல ஸ்குரூடிரைவர் பிடியால தட்டினா உடனே கிளம்புது.

பினாங்கு வயர்மேன்:
தட்டினா கிளம்புதுன்னா மோட்டருக்குள்ள கரண்டைக் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு. விசிறி மோட்டரை மாத்துங்க. அதோட பிளக்கையும் பாருங்க: பின் பழுப்பேறியோ பிளாஸ்டிக் உருகியோ இருந்தா அதையும் மாத்தணும், இல்லன்னா புது மோட்டருக்கும் கரண்ட் சரியாப் போகாது. மாத்தின பிறகு எஞ்சின் சூட்டைக் காட்டுற ஓபிடி ஸ்கேனரை காடியில செருகி ஏர்கான் இல்லாம ஓடவிடுங்க. 95 டிகிரியை ஒட்டி விசிறி கிளம்பி, சூடு இறங்கினதும் தானே நிக்கணும்.

அதுவரைக்கும் சிவப்பு விளக்கு எரிஞ்சா ஓரமா நிறுத்தி எஞ்சினை அணைச்சிடுங்க. ஹீட்டரைப் போடுன்னு வெளிநாட்டு வீடியோவுல சொல்வாங்க, நம்ம காடியில பலதுக்கு ஹீட்டரே கிடையாது. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க, கொதிநீர் முகத்துல அடிக்கும்.

மோட்டர் வாங்குறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. நல்லா ஆறின எஞ்சின்ல ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. குமிழி விடாம வந்துக்கிட்டே இருந்தாலோ, எண்ணெய்க் குச்சியில பால்டீ நிறம் தெரிஞ்சாலோ எஞ்சின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட்டும் போயிருக்கலாம். அப்படின்னா ஓட்டாதீங்க, இழுவை லாரியைக் கூப்பிடுங்க.