ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றியதிலிருந்து சர்வர் லாகின் ஆகவில்லை, உதவுங்கள்

மன்னார்குடி:
வணக்கம். அரிசி ஆலை ஆபீஸில் கணக்கோடு கம்ப்யூட்டர்களையும் நான்தான் பார்க்கிறேன். பதினான்கு கம்ப்யூட்டர், ஒரு விண்டோஸ் சர்வர் 2019, டொமைன் லாகின் (எல்லோருடைய பாஸ்வேர்டையும் சர்வரே சரிபார்க்கும்). நெட் மெதுவாக இருக்கிறதென்று சொன்னதற்கு, முந்தாநாள் இணைப்புக்காரர் வந்து ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை (பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைச் சொல்லும் சேவை) கூகுளின் 8.8.8.8 என்று மாற்றிவிட்டுப் போனார். நெட் பறக்கிறது. ஆனால் நேற்றுக் காலையிலிருந்து சிலருக்கு ‘லாகான் சர்வர் எதுவும் இல்லை’ என்று வருகிறது. பழைய ஆட்கள் எப்படியோ உள்ளே போய்விடுகிறார்கள், புதிதாகச் சேர்ந்த பெண்ணால் முடியவில்லை. சர்வருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) போகிறது. வாசலில் குறுவை நெல் லாரி வரிசையாக நிற்கிறது, முதலாளி முகத்தில் விழிக்க முடியவில்லை.

திருவாரூர்:
டொமைனிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள்.

கும்பகோணம்:
தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே போக முடியாது. திரும்பச் சேர்ப்பதற்கும் சரியான டிஎன்எஸ் வேண்டும்.

பழைய ஆட்கள் உள்ளே போவதை வைத்து சர்வர் வேலை செய்கிறதென்று நினைக்க வேண்டாம். முன்பு லாகின் செய்தவர்களின் விவரத்தை விண்டோஸ் அந்தக் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைத்திருக்கும். வழக்கமாகப் பத்துப் பேர் வரை. அந்தப் பெண் அங்கே முதல் முறை, அதனால் மாட்டிக்கொண்டார்.

பிங் ஐபி எண்ணுக்குப் போகிறது. லாகின் அப்படியில்லை. ‘இந்த டொமைனுக்கு கன்ட்ரோலர் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) யார்’ என்று கம்ப்யூட்டர் முதலில் டிஎன்எஸ்ஸில் எஸ்ஆர்வி பதிவை, அதாவது எந்தச் சேவை எந்தச் சர்வரில் என்ற குறிப்பை, தேடும். அந்தப் பதிவு உங்கள் சர்வரில்தான் இருக்கிறது. 8.8.8.8-இடம் கேட்பது, ஊருக்கே வராதவரிடம் நம் தெருவில் மளிகைக்கடை எது என்று கேட்பது மாதிரி.

ரவுட்டரின் டிஹெச்சிபியில் (கம்ப்யூட்டர்களுக்கு ஐபியும் டிஎன்எஸ்ஸும் தானாகக் கொடுக்கும் அமைப்பு) டிஎன்எஸ்ஸாக சர்வரின் ஐபியை மட்டும் போடுங்கள். சர்வரின் நெட்வொர்க் கார்டிலும் அதன் சொந்த ஐபியே இருக்கட்டும். 8.8.8.8 வேண்டுமென்றால் சர்வரின் டிஎன்எஸ்ஸில் ஃபார்வர்டராகக் (தனக்குத் தெரியாததை சர்வர் போய்க் கேட்கும் இடம்) கொடுங்கள், நெட் வேகம் அப்படியே இருக்கும். அப்புறம் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மன்னார்குடி:
நன்றி அண்ணா. இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 போட்டுக்கொள்ளலாமா? சர்வர் படுத்தாலும் நெட் ஓடுமே.

கும்பகோணம்:
எல்லோரும் விழும் குழி அதுதான். சர்வர் ஒரு நொடி தாமதித்தாலும் கம்ப்யூட்டர் இரண்டாவதற்குத் தாவிவிடும், சீக்கிரம் திரும்பி வராது. அப்புறம் ஒரு நாள் லாகின் ஆகும், ஒரு நாள் ஆகாது. காரணம் தேடித் தேடி அலுத்துப்போவீர்கள். சர்வர் படுத்துவிடும் என்ற பயம் இருந்தால் இன்னொரு டொமைன் கன்ட்ரோலர் வைப்பதுதான் வழி. செலவு முதலாளியைக் கேட்டு.

மன்னார்குடி:
பதிமூன்று கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, அந்தப் பெண்ணும் உள்ளே போய்விட்டார். எடைமேடைக் கம்ப்யூட்டர் மட்டும் மறுக்கிறது. ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தேன்.

திருவாரூர்:
அதில் ஐபியைக் கையால் போட்டிருப்பார்கள், ரவுட்டரில் மாற்றினால் அங்கே போய்ச் சேராது. நெட்வொர்க் கார்டைத் திறந்து பாருங்கள். (முன்னே சொன்னதற்கு மன்னிக்கவும்.)

மன்னார்குடி:
அதேதான். இணைப்புக்காரர் அங்கேயும் 8.8.8.8 எழுதி வைத்திருந்தார். மாற்றினேன், லாகின் ஆகிவிட்டது. முதல் லாரி மேடை ஏறிவிட்டது. ரவுட்டர் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன்.