பின்காடிப்பல்: இன்னொரு முறை பார்ப்போம்

> "பின்பல்" என்றால் போதாதா? காடி என்றதும் வினிகர்தானே நினைவுக்கு வருகிறது?

வணக்கம் ஐயா,

பல்வரிசையின் பின்னால் காடியுள்ள நச்சுப்பல் அமைப்புக்கு (ஆங்கிலத்தில் opisthoglyphous) நான் முன்வைத்த சொல் பின்காடிப்பல். பின்பல் என்றால் படிப்பவர் கடைவாய்ப்பல் என்று எடுத்துக்கொள்வார். நச்சுப்பல் தொண்டைக்குப் பக்கத்தில் இருக்கும் என்றும் நினைப்பார். நாம் பேசிவரும் தென்னாப்பிரிக்க நேட்டால் கரும்பாம்பில் (Natal black snake) அப்படியில்லை. அதன் மேல்தாடை எலும்பு மிகக் குட்டை. நான்கு சிறு பற்கள், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் நச்சுப்பல். அது நிற்கும் இடம் கண்ணுக்கு நேர் கீழே! ஆக, பல்வரிசையில்தான் அது பின்.

காடிக்கு வருவோம். கதவுச் சட்டத்தில் தச்சர் காடி எடுப்பாரே, அந்தக் காடி. இந்தப் பல்லின் மேற்பரப்பிலும் அப்படியொரு பள்ளம் ஓடுகிறது, நஞ்சு அதன் வழியே வழிகிறது. விரியனைப் போல ஊசி போட்ட மாதிரி நஞ்சை ஏற்ற முடியாது. கவ்விப் பிடித்து மென்றால்தான் நன்றாக இறங்கும். நம்மூர்ப் பச்சைப்பாம்புக்கும் பூனைப்பாம்புக்கும் இதே அமைப்புதான். வினிகரைக் கடையில் வினிகர் என்றே கேட்கிறோம், குழப்பம் வராது.

இத்தகைய பாம்புகளுக்கு "நஞ்சு குறைந்த பாம்புகள்" என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அதை ஏற்க முடியவில்லை. இந்தக் கரும்பாம்பு கடித்து நினைவிழந்தவர்கள் உண்டு, இதற்கெனத் தனி எதிர்நஞ்சும் கிடையாது. குடும்பத்தை வைத்துப் பெயரிடவும் வழியில்லை: அதே குடும்பத்து அட்ராக்டாஸ்பிஸ் (Atractaspis) என்ற பாம்பு, வாயைப் பெரிதாகத் திறக்காமலே நீண்ட பல்லைப் பக்கவாட்டில் நீட்டிக் குத்தும். சொல் பல்லின் அமைப்பைச் சொன்னால் போதும்.

அடுத்து ஃபொசோரியல் (fossorial), அதாவது மண்ணுக்கடியில் வாழும் உயிர்களைக் குறிக்கும் சொல். "மண்ணுளி" அழகான சொல்தான், ஆனால் அது ஏற்கெனவே வேறொரு பாம்பின் பெயர். "வளைதோண்டி"யும் பொருந்தாது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால், கிழக்குக் கேப் பகுதிகளின் ஈரக் காடுகளில் நம் கரும்பாம்பு சருகுக்கும் பொலபொலப்பான மண்ணுக்கும் அடியில் நுழைந்து திரிகிறது. வழவழவென்ற கருஞ்செதில், கடுகளவு கண், கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாத தலை எல்லாம் அதற்கு வசதி. "மண்ணுறை" என்று வைக்கலாம்: மண்ணுறை பாம்பு, மண்ணுறை பல்லி என்று மற்றவற்றுக்கும் நீளும்.

சரி, மற்றப் பல் வகைகள்: நல்லபாம்புக்கு முன்நிலைப்பல், விரியனுக்கு மடக்குப்பல். நச்சுப்பல்லே இல்லாத சாரைக்கு "வெறும்பல்" என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே அரைமனதுதான். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.