ஈஎல்34 ஜோடியில் ஒன்று மட்டும் சிவக்கிறது: வால்வா, சர்க்யூட்டா?

கேள்வி:
ஈஎல்34 வால்வு (வெற்றிடக் குழாய்) ஜோடி போட்ட புஷ்-புல் ஆம்ப்ளிஃபயர், எச்டி (பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) 430 வோல்ட், ஃபிக்ஸட் பயாஸ் (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குத் தனியாக நெகட்டிவ் வோல்டேஜ்). ஆன் செய்து பத்து நிமிடம் வரை இரண்டு வால்வும் ஒரே மாதிரி. அப்புறம் வலப்பக்க வால்வின் பிளேட் சிவக்கத் தொடங்குகிறது, ஹம்மும் ஏறுகிறது. கேத்தோடில் உள்ள 1 ஓம் ரெசிஸ்டரில் இடப்பக்கம் 36 மில்லிவோல்ட், வலப்பக்கம் 90. புது வால்வு போட்டால் போதுமா? உள்ளே கை வைக்கும் முன் கப்பாசிட்டர்களை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்துவிடலாமா?

பதில் 1:
ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். 430 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் என்றால் 9 ஜூலுக்கு மேல். வெடித்துப் பொறி பறக்கும், கப்பாசிட்டரும் அடிபடும்.

2.2 கிலோ ஓம், 5 வாட் வயர்வௌண்ட் ரெசிஸ்டரின் ஒரு காலில் கிளிப் ஒயர், மறுகாலில் நல்ல இன்சுலேஷன் உள்ள ப்ரோப். பிளக்கைப் பிடுங்குங்கள். கிளிப்பை முதலில் சேஸிஸில் மாட்டுங்கள், பிறகு ப்ரோபைக் கப்பாசிட்டரின் பிளஸ்ஸில் ஐந்து விநாடி வையுங்கள். ஒரு கை மட்டும், மற்றது பாக்கெட்டில். சோக்குக்கு (எச்டி வழியில் உள்ள ஃபில்டர் சுருள்) முன்னும் பின்னும், ப்ரீ-ஆம்ப் பக்கமும் தனித்தனியாகச் செய்து, ஒவ்வொன்றையும் மீட்டரில் பாருங்கள். எலெக்ட்ரோலிட்டிக் இறங்கிய பின்னும் தானாகக் கொஞ்சம் ஏறும், அதனால் வேலை முடியும்வரை முதன்மைக் கப்பாசிட்டரில் அந்த ரெசிஸ்டர் மாட்டியே இருக்கட்டும்.

ப்ளீடரை (கப்பாசிட்டரைத் தானாக இறக்க உள்ளேயே இருக்கும் ரெசிஸ்டர்) நம்பாதீர்கள். 220 கிலோ ஓம் ப்ளீடர் சரியாக இருந்தாலே 50 வோல்ட்டுக்கு இறங்க முக்கால் நிமிடம் ஆகும். அது ஓபன் ஆகியிருந்தால் சொல்லவே வேண்டாம். ஆர்சிடியும் (வீட்டு லைனில் கசிவு கண்டால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இங்கே காப்பாற்றாது: எச்டி ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் கிளம்பி அங்கேயே திரும்புகிறது, நடுவில் உங்கள் உடம்பு இருந்தாலும் ஆர்சிடிக்குத் தெரியாது.

பதில் 2:
வால்வு வாங்கும் முன் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். சிவப்பு வால்வோடு நகர்ந்தால் வால்வு கேஸ் ஆகிவிட்டது, அதாவது உள்ளே வெற்றிடம் கெட்டுவிட்டது. அதே சாக்கெட்டில் நின்றால் கிரிட் பக்கம் கோளாறு. பார்த்துக்கொண்டே இருந்து 60 மில்லிவோல்ட் தாண்டியதும் அணைத்துவிடுங்கள். 1 ஓமில் 90 மில்லிவோல்ட் என்றால் 90 மில்லிஆம்ப், 430 வோல்ட்டில் ஏறத்தாழ 39 வாட், ஈஎல்34 பிளேட்டின் வரம்போ 25.

சாக்கெட்டில்தான் என்றால் இரண்டு வால்வையும் கழற்றிவிட்டு 5-ஆம் பின்னில் (கிரிட்) டிசி பாருங்கள். லோடு இல்லாததால் எச்டி ஏறும், கப்பாசிட்டர்களின் வோல்டேஜ் ரேட்டிங் தாங்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். பக்கத்திலேயே 4-ஆம் பின், அதில் ஸ்க்ரீனின் (இரண்டாம் கிரிட்) முழு வோல்டேஜ். ப்ரோப் வழுக்கினால் அது நேராக கிரிட் பக்கம் பாயும். எனவே பவர் இல்லாதபோதே கிளிப் மாட்டி, கையை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

கேட்டவர்:
மாற்றிப் போட்டேன், அதே சாக்கெட்டில்தான். இடப்பக்கம் –38 வோல்ட் நிலையாக நிற்கிறது. வலப்பக்கம் –38-இல் தொடங்கி, கால் மணி நேரத்தில் –21.

பதில் 2:
கப்ளிங் கப்பாசிட்டர் (முந்தைய ஸ்டேஜின் டிசியைத் தடுத்து, சிக்னலை மட்டும் கிரிட்டுக்கு விடுவது) சூடு ஏற ஏற லீக் ஆகிறது. 220 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் 17 வோல்ட் என்றால் 77 மைக்ரோஆம்ப். நல்ல ஃபிலிம் கப்பாசிட்டரில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் இருக்கும். உறுதி செய்ய, பிளக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அதன் கிரிட் பக்கக் காலை மட்டும் தூக்கிவிட்டுப் பாருங்கள், –38 அசையாது. 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரோப்பிலீன் இரண்டு பக்கமும் போடுங்கள். ஒரே வயதுள்ள மற்றதும் விரைவில் கிளம்பும். அந்தப் பக்க 1 கிலோ ஓம் ஸ்க்ரீன் ரெசிஸ்டரையும் அளந்து பாருங்கள், 90 மில்லிஆம்பில் கருகியிருக்கலாம்.

பதில் 1:
முதல் ஆன் 100 வாட் சீரிஸ் லேம்ப் (மெயின்ஸ் ஒயரில் தொடராக மாட்டிய இழை பல்பு) வழியாக, அவுட்புட்டில் 8 ஓம் லோடு மாட்டி. லேம்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. லேம்ப் இருக்கும்போது பயாஸ் வைக்காதீர்கள், எச்டியும் கிரிட்டின் நெகட்டிவ் வோல்டேஜும் சேர்ந்தே குறைந்து அளவு பொய்யாகும். லேம்பை எடுத்துவிட்டு, இரு பக்கமும் 36 மில்லிவோல்ட் வையுங்கள், அரை மணி கழித்து மறுபடி பாருங்கள்.