மறு: கட்டடக்கலையில் 'வெளி': புழங்குவெளி எனலாமா?

> மக்கள் கட்டடத்தை உணரும் விதத்துக்கு 'இடப் புலனறிவு' போதும்.

மக்கள் புழங்கிப் பழகி உணரும் இடத்துக்கு என்ன தமிழ்ச்சொல் என்பதுதான் கேள்வி. 'இடப் புலனறிவு' எனக்கு ஒட்டவில்லை ஐயா. புலன் என்றதும் கண், காது, தோல் என்று போய்விடுகிறோம். இங்கே பேசுவது பழக்கமும் நினைவும் கலந்த சங்கதி. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக்கையே, அதாவது சுவரில்லாத திறந்த தரைத்தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் தூண்கள், மின்தூக்கி, மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. ஒரு வாரம் அங்கே மலாய்க் கல்யாணம், இன்னொரு வாரம் அதே தூண்களுக்கிடையே ஒரு சீனர் வீட்டுத் துக்கம், நாமும் பேச்சைத் தணித்துக்கொண்டு தபால்பெட்டிப் பக்கமாகச் சுற்றிப் போகிறோம். சதுர மீட்டர் மாறவே இல்லை.

ஐந்தடிப் பாதையும் அப்படித்தான். கடைவீடுகளுக்கு முன்னால் கூரையோடு தொடர்ச்சியான நடைபாதை வேண்டும் என்று 1822இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் போட்ட விதியில் தொடங்கியது. பேரிலேயே அளவு இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஐந்தடி அகலம் கிடையாது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் முருங்கைக்காய்ப் பெட்டியும் பூக்கட்டும் மேசையும் போக ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம் மிஞ்சும்.

அதனால்தான் புழங்குவெளி. வினைத்தொகை என்பதால் புழங்கிய, புழங்குகிற, புழங்கும் மூன்றும் உள்ளே அடங்கிவிடும், நினைவுக்கும் தனியாக ஒட்டுப்போட வேண்டாம். 'அவர்கள் வீட்டில் புழங்கமாட்டோம்' என்று ஊரில் சொல்வதில் சாதி வாடை இருப்பது தெரியும். இருக்கட்டும், யார் எதுவரை உள்ளே வரலாம் என்பதும் கட்டட வெளியைப் பற்றிய ஆய்வில் வருகிற கேள்விதானே. புழங்குவெளி என்றால் தாழ்வாரம், படிக்கட்டு போல ஆட்கள் வந்துபோகும் இடங்களோடு குழம்பும் என்பவர்களுக்கு: அவற்றை 'நடமாட்டப் பகுதி' எனலாம்.

அப்புறம், மக்கள் தாங்களே வரைந்து காட்டும் படம். அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய ஊர்க்காரர்களிடம் நினைவிலிருந்து ஊரை வரையச் சொல்லி, 1960இல் பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளம் என்று ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் படத்துக்கு 'மனவரைபடம்' வேண்டாம், பள்ளிக்கூடத்தில் கிளை கிளையாகக் குறிப்பெழுதுவதற்கு அந்தப் பேர் ஏற்கெனவே போய்விட்டது. 'நினைவுப்படம்' என்று வைத்துக்கொள்வோமா? அளவுகோல் பிசகினாலும் புளோக்குக்குக் கீழுள்ள மாமா கடை (சின்ன மளிகைக் கடை) சரியான மூலையில் இருக்கும்.

மறுப்பு இருந்தால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள், வெறும் 'சரியில்லை' வேண்டாம்.