தமிழில் எழுதிய செயற்கூறு விளக்கத்தைச் சோதிப்பான் ஏற்க மறுக்கிறது: உதவி தேவை

கேட்டவர், கிருஷ்ணகிரி:
வணக்கம். மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு கொள்முதல் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். எங்கள் நால்வரில் இருவர் தமிழ்வழியில் படித்தவர்கள். செயற்கூறின் (ஃபங்ஷன்) தொடக்கத்தில் வரும் விளக்கமான டாக்ஸ்டிரிங்கைத் தமிழிலேயே எழுதுங்கள், செயற்கூறு ஏற்கும் மதிப்புகளான அளபுருக்களுக்கும் தமிழ்ப் பெயரே வையுங்கள் என்று நான்தான் சொன்னேன். நாங்கள் பயன்படுத்தும் பைத்தான் 3 நிரல்மொழி அதற்கு இடம் தருகிறது.

சிக்கல் நான் எழுதிய நிரல்நடை சோதிப்பானில் இருக்கிறது. செயற்கூறின் அளபுருக்களை ஏஎஸ்டி (பைத்தான் நிரலைப் படித்து அமைக்கும் இலக்கண மரம்) வழியாக எடுத்து, ஒவ்வொன்றும் டாக்ஸ்டிரிங்கில் "பெயர்: விளக்கம்" என்ற வடிவில் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவை தேறுகின்றன. "எடை: டன் கணக்கில்" என்று கண்ணெதிரே இருந்தும் "எடை விளக்கப்படவில்லை" என்கிறது. முதல் வரியில் மூன்று சொற்களாவது வேண்டும் என்பது இன்னொரு விதி. ஒருவர் "தர்மபுரி" என்று மட்டும் எழுதியிருந்தார், அது தேறிவிட்டது! தமிழில் எழுதினாலே பிழை வரும் என்று அவர்கள் எண்ணிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது.

பதில், தர்மபுரி:
தம்பி, பெயரையும் சொல்லையும் பிடிக்க ரெகெக்ஸில் (உரையில் வடிவம் தேடும் கோவை) பின்சாய்கோடு-டபிள்யூ (\w) போட்டிருக்கிறீர்களா?

கேட்டவர்:
ஆமாம் ஐயா, இரண்டு இடத்திலும் அதுதான்.

பதில், தர்மபுரி:
அப்படியானால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பைத்தானின் ரெகெக்ஸ் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே அந்தக் குறிக்குள் சேர்க்கும். நம் புள்ளியும் துணைக்கால், கொம்பு, சுழி எல்லாமும் யூனிகோடில் ஒட்டுக்குறிகள். அவை வெளியே நின்றுவிடும். "தர்மபுரி" என்பது "தர", "மப", "ர" என்று மூன்று துண்டாகிறது. "எடை:" என்பதில் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது ஐகாரக் குறி, எனவே பொருந்தவே பொருந்தாது. மாறிப் பெயரில் இதே குறிகளைப் பைத்தான் அனுமதிக்கிறது என்பதுதான் வேதனை.

ரெகெக்ஸை விடுங்கள். வரியை முதல் முக்காற்புள்ளியில் வெட்டி, இடப்பக்கத்தை ஓரங்களில் சீவி, அது பெயராகத் தகுமா என்று பார்க்கும் இஸ்ஐடென்டிஃபையர் கொண்டு சோதியுங்கள். சொற்களை இடைவெளியில் பிரிக்கும் ஸ்பிளிட் கொண்டு எண்ணுங்கள்.

கேட்டவர்:
எடை, ரகம், விலை எல்லாம் தேறிவிட்டன. நன்றி ஐயா! ஒரே ஒரு கோப்பில் மட்டும் "தொகை" இன்னும் விளக்கப்படவில்லை என்று வருகிறது. மற்ற கோப்புகளில் அதே சொல் தேறுகிறது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டேன், வேறுபாடே தெரியவில்லை.

பதில், தர்மபுரி:
கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கோப்பின் உரை பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தான் மாறிப் பெயர்களைப் படிக்கும்போதே என்எஃப்கேசி என்ற யூனிகோடின் சீர்வடிவத்துக்கு மாற்றி, இரண்டை ஒன்றாக்கிவிடும். டாக்ஸ்டிரிங் வெறும் சரம் என்பதால் அதைத் தொடாது. ஆகவே ஏஎஸ்டி தரும் "தொகை" வேறு, விளக்கத்தில் உள்ள "தொகை" வேறு. விளக்கத்தில் எடுத்த பெயரையும் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் வழியாக அதே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள்.

முதல் வரி நீளத்துக்கு விதி வைத்திருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்லும் 72 எழுத்து வரம்பை, யூனிகோட் குறியீடுகளை எண்ணும் வெறும் லென் கொண்டு அளந்தால் "கிருஷ்ணகிரி" 11 ஆகிறது. நாம் எண்ணினால் 6. ஒட்டுக்குறிகளை விட்டு எண்ணுங்கள்.

கேட்டவர்:
மாற்றிய உரைதான், கேட்டுவிட்டேன். "தொகை" தேறியது. நீள விதியால் நேற்று அவர்களைச் சுருக்கி எழுதச் சொன்ன விளக்கங்கள் ஒன்பது இருக்கின்றன. முழு வாக்கியங்களையே திரும்ப வைக்கச் சொல்லிவிட்டேன்.